அங்கீகாரமும் ஒப்புதலும்: தமிழகத்தில் புதுவீடு, மனை விற்பனை விளம்பரத்தின் வரலாறு – சுரண்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புதிய வீடுகளையும் வீட்டுமனைகளையும் விற்போர் வாங்குவோரை அணுகும் முறை, தமிழகத்தில் தரகரின் வாய்மொழியில் தொடங்கி, நாளிதழ், தொலைக்காட்சி வழியாகக் கைப்பேசித் திரையை வந்தடைந்துள்ளது. இம்மாற்றத்தின் ஊடே இருவகை அனுமதிகள் சட்ட வடிவம் பெற்றன. விற்பவர் விளம்பரம் செய்வதற்கு முன் அரசிடம் பெற வேண்டிய அங்கீகாரம் ஒன்று. விளம்பரத்தைப் பெறுபவர் விற்பவருக்குத் தரும் ஒப்புதல் மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்களின் வழியே, ஒன்றையொன்று சாராமல் வளர்ந்தவை. சுரண்டை போன்ற சிறுநகரங்களில் நிகழும் சிறிய அளவிலான வீட்டு விற்பனை இவ்விரண்டின் எல்லைக்கும் வெளியே நிற்க நேர்வதையும், அதனால் வாங்குவோரின் சட்டப் பாதுகாப்பு எவ்வாறு மெலிகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வீட்டுமனை, விளம்பரம், தரகர், அங்கீகாரம், ஒப்புதல், மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், தரவுப் பாதுகாப்பு, சுரண்டை.

1. முன்னுரை

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்தில் அமைந்துள்ள சுரண்டை, நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து 2021ஆம் ஆண்டில் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019 நவம்பர் 22 அன்று, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வேளாண் கிராமங்கள் சூழ்ந்த வணிக ஊர் என்பதே சுரண்டையின் அடையாளம். இவ்வட்டாரத்தில் பீடி சுற்றும் தொழிலில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். சென்னை முதலிய பெருநகரங்களுக்குச் சென்று மளிகை வணிகத்தில் ஈடுபட்டோரும் பலர். இத்தகைய குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் ஒரு மனை அல்லது வீடு என்பது வாழ்நாள் சேமிப்பின் வடிவம். ஆகவே அதை விற்பவர் எவ்வழியில் வந்து சேர்கிறார், அவர் சொல்வதற்கு என்ன ஆதாரம் உள்ளது என்னும் கேள்விகள் குடும்பப் பொருளாதாரத்தை நேரடியாகத் தொடுபவை.

மனை விற்பனை குறித்த பேச்சில் ‘அனுமதி’ என்னும் சொல் பெரும்பாலும் அரசு தரும் அனுமதியையே குறிக்கும். இணைய வணிகம் பரவிய பின் அதே சொல் வேறொரு பொருளையும் ஏற்றது. தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ பயன்படுத்தி ஒருவரை அணுகுவதற்கு அவரிடமே பெறும் அனுமதி என்பது அப்பொருள். இக்கட்டுரையில் முன்னதை ‘அங்கீகாரம்’ என்றும் பின்னதை ‘ஒப்புதல்’ என்றும் பிரித்து வழங்குவது தெளிவு கருதியே.

2. தரகர் வழி விற்பனை

நாளிதழ் விளம்பரம் பரவலாவதற்கு முன்பும், சிற்றூர்களில் அதற்குப் பின்பும், நிலமும் வீடும் தரகர் வழியாகவே கைமாறின. வாங்க விரும்புபவர் தம் தேவையைத் தரகரிடம் தெரிவிப்பார். விற்க விரும்புபவரும் அவ்வாறே. தரகர் இரு தரப்பையும் இணைத்து, விலை படிந்து, முன்பணம் கைமாறி, கிரயப் பத்திரம் பதிவான பின் தரகுப் பணம் பெறுவார். நிலத்தின் வரலாற்றை அறிய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகம் வழங்கும் வில்லங்கச் சான்று துணைநின்றது.

இம்முறையில் இரு கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, பேச்சைத் தொடங்குபவர் வாங்குபவர். தம் தேவையை அவர் வெளிப்படுத்திய பின்னரே தரகர் அவரை நாடுகிறார். தேவை முடிந்ததைச் சொன்னால் தொடர்பும் முடிகிறது. இரண்டாவது, தரகர் ஊரறிந்தவர். அவர் சொன்ன சொல் பொய்த்தால் கேட்பதற்கு ஆளும் இடமும் உண்டு. இம்முறையைக் குறையற்றதாகக் கொள்ள இயலாது. யாருக்கு எத்தெருவில் வீடு காட்டுவது என்பதைச் சாதி தீர்மானித்ததும், விலையைத் தரகர் மறைத்ததும் இதனுள் அடங்கும். எனினும், எழுதப்படாத ஒப்புதல் ஒன்று இம்முறையின் இயல்பிலேயே அமைந்திருந்தது. அதைப் பெயரிட்டுச் சட்டமாக்கும் தேவை அப்போது எழவில்லை.

3. மனைப்பிரிவும் வெகுமக்கள் விளம்பரமும்

விளைநிலத்தை வாங்கிச் சாலை பிரித்து, கல் நட்டு, பல மனைகளாக விற்கும் ‘பிளாட் போடும்’ தொழில் விரிவடைந்தபோது இந்நிலை மாறியது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மனைகளை விற்க வேண்டியவர் தேவை உள்ளோரின் வருகைக்குக் காத்திருக்க இயலாது. அவர் தேவையை உருவாக்க வேண்டும். அதற்கான ஊடகங்கள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. 1942இல் மதுரையில் தொடங்கப்பட்ட தினத்தந்தியும், 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்த தினமலரும் தென்மாவட்டங்களில் நாளிதழ் வாசிப்பைப் பரவலாக்கியிருந்தன. வரி விளம்பரப் பகுதியில் சில சொற்களில் அடங்கிய மனை விற்பனை, பின்னர் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வளர்ந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் தனியார் தொலைக்காட்சிகளும் இதில் சேர்ந்தன. திரை, தொலைக்காட்சி நடிகர்கள் மனைப்பிரிவுகளின் சிறப்பை எடுத்துரைத்தனர்.

இவ்விளம்பரங்கள் தமக்கென ஒரு சொற்கோவையை உருவாக்கிக்கொண்டன. ‘பேருந்து நிலையம் மிக அருகில்’, ‘சுவையான குடிநீர்’, ‘எளிய தவணை’, ‘இலவசப் பத்திரப்பதிவு’, ‘மனையைப் பார்வையிட இலவச வாகன வசதி’ என்பன அவற்றுட் சில. இவ்வரிசையில் வரலாற்று முக்கியத்துவம் மிக்கது ‘அப்ரூவ்டு’ என்னும் சொல். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 மனைப்பிரிவுகளைத் திட்ட அதிகார அமைப்பின் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்தது. ஆயினும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்பளிப்பைப் பெறாமல் உள்ளாட்சித் தலைவரின் கையொப்பத்தை மட்டும் கொண்ட வரைபடங்கள் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்னும் பெயரில் விற்கப்பட்டன. சட்டப்படி போதுமானதல்லாத ஓர் ஆவணம், விளம்பர மொழியில் அரசு அங்கீகாரத்தின் தோற்றத்தைப் பெற்றது. வாங்குபவர் பத்திரத்தைப் பதிவு செய்ய முடிந்ததே, மனை முறையானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. பதிவுத்துறை பத்திரத்தைப் பதிவு செய்வதும் திட்டத்துறை மனைப்பிரிவை அங்கீகரிப்பதும் வேறு வேறு என்பதை அறிந்தோர் சிலரே.

4. அங்கீகாரம் சட்டமான வரலாறு

விளம்பரத்தில் தரும் வாக்குறுதிக்கு விற்பவர் பொறுப்பாவாரா என்னும் வினா முதலில் நுகர்வோர் சட்டத்தின் களத்தில் எழுந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986இல் ‘சேவை’ என்பதன் வரையறைக்குள் 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வீடு கட்டுதல் சேர்க்கப்பட்டது. லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே.குப்தாவுக்கும் இடையிலான வழக்கில், வீடு கட்டித் தரும் பணி சேவையே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நார்னே கட்டுமான நிறுவன வழக்கில் 2012இல் அளித்த தீர்ப்பு, சாலை, வடிகால் போன்ற வசதிகளைச் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பதும் வெறும் நில விற்பனை அன்று, சேவையே எனத் தெளிவுபடுத்தியது. இதனால் விளம்பரத்தில் சொன்ன சாலையும் குடிநீரும் வழக்காடத்தக்க வாக்குறுதிகளாயின.

தமிழகத்தில் திருப்புமுனையாக அமைந்தது 2016ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில், விளைநிலங்களை முறையின்றி மாற்றி உருவாக்கிய அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்துவதற்கான விதிகளை அரசு 2017 மே மாதத்தில் வெளியிட்டது. தொலைவில் இருந்துகொண்டு விளம்பரத்தை நம்பித் தவணை கட்டி வாங்கியவர்கள், வரன்முறைக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் செலுத்திய பின்னரே தம் மனையில் வீடு கட்ட அனுமதி கோர முடிந்தது. விளம்பரத்தில் இடம்பெற்ற ஒரு சொல்லின் விலையைப் பல ஆண்டுகள் கழித்து வாங்கியவரே செலுத்த நேர்ந்தது.

மனை வணிக (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 விளம்பரத்தை மையமாகக் கொண்டு இச்சிக்கலை அணுகியது. அதன் 3ஆம் பிரிவு, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெறாத திட்டத்தை விற்பதை மட்டுமன்றி, விளம்பரம் செய்வதையும் முன்பதிவு ஏற்பதையும் தடுக்கிறது. 11ஆம் பிரிவின்படி விளம்பரத்தில் பதிவெண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இடம்பெற வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் இழப்பீடு பெறவும், விலக விரும்பினால் வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறவும் 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதை 13ஆம் பிரிவு தடை செய்கிறது. பதிவின்றிச் செயல்படுவோருக்குத் திட்ட மதிப்பில் 10 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. தரகர்களும் ‘மனை வணிக முகவர்’ என்னும் பெயரில் பதிவுக்கு உட்பட்டனர். இச்சட்டத்தில் விளம்பரம் என்பது எந்த ஊடகத்தின் வழியே வெளியாகும் அறிவிப்பையும் குறிக்குமாறு விரிவாக வரையறுக்கப்பட்டுள்ளதால் இணையமும் கைப்பேசியும் அதனுள் அடங்கும்.

5. தொலைபேசியும் பெறுநரின் ஒப்புதலும்

அங்கீகாரத்தின் வரலாறு நிலத்தைச் சுற்றி நகர்ந்தது. ஒப்புதலின் வரலாறு தொலைபேசி எண்ணைச் சுற்றி நகர்ந்தது. செய்தியைப் பெறுபவர் முன்னரே இசைந்திருந்தால் மட்டும் அவரை அணுக வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்க எழுத்தாளர் சேத் கோடின் 1999இல் ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’ என்னும் நூலில் முன்வைத்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு நெறியுரையில் விளம்பர மின்னஞ்சலுக்கு முன்னிசைவைப் பொது விதியாக்கியது. அமெரிக்கா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில், பெறுபவர் வேண்டாம் என்று சொல்லும் வரை அனுப்பலாம் என்னும் எதிர்வழியை ஏற்றது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2007இல் வேண்டா விளம்பர அழைப்புகளுக்கு எதிரான ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, அழைக்கக் கூடாதோர் பதிவேட்டைத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விளம்பரங்களை ஏழு வகைகளாகப் பிரித்தன. வங்கி, காப்பீடு ஆகியவற்றை அடுத்து இரண்டாம் வகையாக மனை வணிகம் இடம்பெற்றது. 1909 என்னும் எண் வழியே ஒருவர் அனைத்து வகைகளையும் தடுக்கலாம், விரும்பும் வகையை மட்டும் ஏற்கலாம். மனை விளம்பரம் தனி வகையாக வைக்கப்பட்டதே, அக்காலக் கைப்பேசிகளில் அது பெற்றிருந்த இடத்துக்குச் சான்று. 2018 ஜூலையில் வெளியான புதிய ஒழுங்குமுறைகள், அனுப்புநரின் பெயர்த்தலைப்பு, செய்தி வார்ப்புரு, பெறுநரின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் பகிர்பேரேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்றன.

இவ்வேற்பாட்டின் வரம்பு அதன் பிறப்பிலேயே உள்ளது. டிராயின் அதிகாரம் குரல் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் சார்ந்தது. மின்னஞ்சலைப் பொறுத்தவரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சல் குறித்த கூறு இருந்தது. அப்பிரிவு முழுவதையும் கருத்துரிமைக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. மேலும், பதிவு பெற்ற தொலைவழி விற்பனையாளரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைக்கும் உள்ளூர்த் தரகரிடம் எளிதில் சென்று சேர்வதில்லை.

6. இணையதளத்திலிருந்து புலனத்துக்கு

வீடு, மனை விற்பனைக்கென 2005இல் 99ஏக்கர்ஸ், 2006இல் மேஜிக்பிரிக்ஸ் ஆகிய இணையதளங்கள் தொடங்கப்பட்டன. இத்தளங்களில் வாங்குபவர் தேடி வந்து, விவரம் கேட்டு, தம் எண்ணைத் தருகிறார். அவ்வகையில் இவை பழைய தரகு முறையின் முதற்கூறை மீட்டன. ஆனால் அவர் தந்த எண் அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ‘லீட்’ என்னும் பெயரில் அது விலையுள்ள பொருளாகிப் பல விற்பனையாளர்களைச் சென்றடைகிறது. ஒரு வினாவுக்காகத் தந்த ஒப்புதல், எல்லா விற்பனைக்குமான ஒப்புதலாக நீட்டிக்கப்படுகிறது.

ஒப்புதலைப் பதிந்து காக்கும் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011இல் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர் தொடர்பு, மின்னஞ்சல் விளம்பரம் ஆகியவற்றுக்கான மென்பொருள்களை அந்நிறுவனம் உலகெங்கும் விற்கிறது. ஒப்புதல் தந்தவர் பட்டியல், விலகும் வசதி என்பன இத்தகைய மென்பொருள்களின் அடிப்படைக் கூறுகள். பெருநகரக் கட்டுமான நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைப் பயன்படுத்துகின்றன. சிறுநகர வீட்டு விற்பனை வேறு வழியில் இணையத்துக்குள் நுழைந்தது.

அவ்வழி வாட்ஸ்அப் எனப்படும் புலனம். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணையத் தரவின் விலை பெரிதும் குறைந்தது. வீட்டின் ஒளிப்படமும் காணொளியும் செலவின்றிக் குழுக்களில் பரவின. 2017இல் வந்த ‘ஸ்டேட்டஸ்’ வசதி, 24 மணி நேரத்தில் மறையும் விளம்பரப் பலகையாயிற்று. 2018இல் வணிகர்களுக்கான தனிச் செயலி வந்தது. வணிகச் செய்தி அனுப்பப் பெறுநரின் முன்னிசைவு வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. அரசு சட்டம் செல்லாத இடத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிபந்தனையே ஒப்புதலின் விதியாக நின்றது. உறவினர் குழு, தெருக்குழு, பழைய மாணவர் குழு ஆகியவற்றில் பகிரப்படும் வீட்டு விளம்பரத்தில் இந்நிபந்தனையும் நடைமுறையில் செயலற்றதாகிறது.

7. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி

மனை வணிகச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும் எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. தென்மாவட்டங்களில் நிலத்தைச் சென்ட் கணக்கில் அளப்பது வழக்கம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 500 சதுர மீட்டர் ஏறத்தாழ 5,382 சதுர அடி, அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேல். 12 சென்ட் நிலத்தை வாங்கி, மூன்று சென்ட்டுக்கு ஒன்றாக நான்கு வீடுகள் கட்டி விற்பவர் இவ்விலக்குக்குள் வருகிறார். பெருநகர அடுக்குமாடித் திட்டங்களை மனத்தில் கொண்டு வகுத்த எல்லை, கொத்தனாராகவோ ஒப்பந்தக்காரராகவோ தொடங்கி ஓரிரு வீடுகளாகக் கட்டி விற்கும் சிறுநகரத் தொழில்முறையை ஏறக்குறைய முழுமையாக வெளியே நிறுத்துகிறது.

இத்தகைய விற்பனையாளர் புலனத்தில் விளம்பரம் செய்யும்போது இரு வரலாறுகளும் அவரைத் தொடாமல் செல்கின்றன. பதிவெண் அவருக்குத் தேவையில்லை. எனவே விளம்பரத்தில் சரிபார்ப்பதற்கான எண் எதுவும் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பாததால் டிராயின் பதிவேட்டில் ஒப்புதலைப் பதிய வேண்டியதும் இல்லை. கட்டட அனுமதி, மனை அங்கீகாரம் ஆகியவற்றின் தேவை நீங்குவதில்லை; ஆனால் அவற்றின் எண்ணை விளம்பரத்திலேயே காட்டும் கடப்பாடு இல்லை.

இவ்விலக்குக்கு வலுவான நியாயம் உண்டு. நான்கு வீடு கட்டுபவர்மேல் பெருநிறுவனங்களுக்குரிய கணக்கு, தணிக்கைச் சுமைகளை ஏற்றினால் வீட்டின் விலை உயரும். சிறியவர் தொழிலை விட்டு விலகுவார். ஊரறிந்த விற்பனையாளருக்கு ஊரே கண்காணிப்பு என்றும் வாதிடலாம். அவ்வாதம், வாங்குபவரும் அதே ஊரில் வாழும் வரை பொருந்தும். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புபவருக்கு ஊரின் கண்காணிப்பு எட்டுவதில்லை. அவருக்கு எஞ்சுவது நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யும் உரிமையை அவருக்குத் தருகிறது. ஆனால் அங்கு முதலில் கேட்கப்படுவது, என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதற்கான ஆவணம். நாளிதழ் விளம்பரத்தை நூலகத்திலும் கண்டெடுக்கலாம். 24 மணி நேரத்தில் மறைந்த படத்தை அவ்வாறு கண்டெடுக்க இயலாது. சேமித்து வைத்திருப்பினும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழுடன் அதை முன்வைக்க வேண்டும்.

8. தரவுச் சட்டமும் தரகரின் மீள்வருகையும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஒப்புதல் தன்விருப்பமாகவும், குறித்த நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் வேண்டுகோளை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். அதன்படி தமிழில் கேட்கப்படுவது வாங்குபவரின் உரிமையாகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவர் தாமாகவே முன்வந்து தந்த தரவைக் குறித்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை விளக்க மனை வணிகத் தரகரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வாடகை வீடு தேடும் பெண் ஒருவர் தரகருக்குச் செய்தி அனுப்பித் தம் விவரங்களைத் தருகிறார். வீடு தேடித் தர மட்டும் தரகர் அவற்றைப் பயன்படுத்தலாம். தேவை முடிந்தது என்று அவர் தெரிவித்ததும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் பகுதியில் கண்ட தரகு முறையின் எழுதப்படாத ஒழுங்கு, இங்கு நாடாளுமன்றச் சட்டத்தின் எடுத்துக்காட்டாக எழுத்து வடிவம் பெற்றுள்ளது. எண்ம வடிவில் எண்களைத் திரட்டித் தம் தொழிலுக்குப் பயன்படுத்தும் சிறு விற்பனையாளரையும் இச்சட்டம் உள்ளடக்குவதால், டிராயின் ஒழுங்குமுறைகள் எட்டாத புலனமும் இதன் வரம்புக்குள் வருகிறது.

9. முடிவுரை

தமிழகத்தில் புதுவீடு, மனை விற்பனை விளம்பரத்தின் வரலாறு இருவகை அனுமதிகளின் தனித்தனி வரலாறாக அமைந்துள்ளது. விளைநிலங்கள் மனைகளாக விற்கப்பட்ட நெருக்கடியிலிருந்து அங்கீகாரம் சட்டமாயிற்று. தொலைபேசித் தொல்லையிலிருந்து ஒப்புதல் சட்டமாயிற்று. முன்னது சொல்லப்படும் செய்தியின் உண்மையைக் காக்கிறது. பின்னது கேட்பவரின் விருப்பத்தைக் காக்கிறது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாதபோது பாதுகாப்பு முழுமை பெறுவதில்லை. முழு மனத்துடன் ஒப்புதல் தந்தவருக்கும் அங்கீகாரமற்ற மனை விற்கப்படலாம். அங்கீகாரம் பெற்ற திட்டத்தின் பெயரிலும் ஒருவரது எண் விற்பனைப் பொருளாகலாம்.

தரவுச் சட்டம் ஒப்புதலைச் சிறுநகரம் வரை நீட்டிக்கிறது. அங்கீகாரத்தின் எல்லை இன்னும் 500 சதுர மீட்டரிலேயே நிற்கிறது. விலக்குப் பெற்ற சிறு திட்டங்களைப் பதிவுக்கு உட்படுத்தாமலேயே, அவற்றின் மனை அங்கீகார எண்ணையும் கட்டட அனுமதி எண்ணையும் விளம்பரத்தில் குறிப்பிடச் செய்தால் இடைவெளி பெருமளவு குறையும். மகாராட்டிரத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பதிவு பெற்ற திட்டங்களின் விளம்பரத்தில் விரைவுக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பது, விளம்பரத்தையே சரிபார்ப்புக்கான வாயிலாக்க முடியும் என்பதைக் காட்டுகிறது. தமிழகப் பதிவுத்துறையின் இணையவழி வில்லங்கச் சான்று ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. இவற்றுடன் திட்ட அங்கீகாரத்தையும் கைப்பேசியிலேயே சரிபார்க்கும் வசதி சேர்ந்தால், சுரண்டையில் கட்டப்படும் வீட்டைத் தொலைவிலிருந்து வாங்குபவர், முன்பணம் அனுப்புவதற்கு முன்பே விளம்பரத்தின் உண்மையை ஆராய்ந்தறிய இயலும்.